கதைப்பாடலும் உடலசைவும் தன்னறிதலும்: முத்துப்பட்டன் கதையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: முத்துப்பட்டன், வில்லுப்பாட்டு, கொடைவிழா, சாமியாட்டம், தன்னறிதல்

முன்னுரை

உடலை அதன் போக்கில் அசையவிட்டு, அவ்வசைவு எழுப்பும் நினைவுகளை உடனே எழுத்தாக்கித் தன்னை அறிய முயலும் பயிற்சி இன்று நாடகப் பட்டறைகளிலும் உளவியல் ஆற்றுப்படுத்தலிலும் இடம்பெறுகிறது. அமெரிக்க நடனக் கலைஞர் மேரி ஸ்டார்க்ஸ் ஒயிட்ஹவுஸ் 1950களில் வளர்த்தெடுத்த அசைவுமுறை இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதில் கண்மூடி அசைபவர் ஒருவர். தீர்ப்புச் சொல்லாது பார்த்திருப்பவர் மற்றொருவர். அசைவு முந்தியது, எழுத்து பிந்தியது என்பது இம்முறையின் ஒழுங்கு. பாபநாசம் மலைப்பகுதிக் கதைப்பாடல் மரபில் இவ்வொழுங்கு தலைகீழாக அமைவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல் எழுப்பும் ஆட்டம்

நெல்லை வட்டாரக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றோடு புலவர் தெய்வத்தின் கதையைப் பாடிச்செல்வார். கதை உச்சத்தை நெருங்கும்போது சாமியாடியின் உடலில் அருள் இறங்கும். வீசுகோலின் வேகம் கூடும். அருள் வரத் தாமதித்தால் புலவர் அதே அடிகளை மீண்டும் பாடுவார். புதிய அடிகளைச் சேர்ப்பார். வந்துவிட்டால் வருணனையைச் சுருக்கி நகர்வார். ஏட்டில் உள்ள பாட்டு ஒன்று, அன்றிரவு பாடப்படும் பாட்டு மற்றொன்று. இரண்டாவதன் நீளத்தை ஆடுபவரின் உடலே முடிவுசெய்கிறது. ஆகவே சாமியாடியையும் அப்பனுவலின் இணையாசிரியராகக் கொள்ளுதல் தகும். அச்சு நூலில் எஞ்சுவது சொல் மட்டுமே என்பதால் இவ்வாசிரியத்துவம் பெரிதும் கவனிக்கப்படவில்லை.

இங்கு அறியப்படும் ‘தான்’ தனிமனித அகமன்று. ஆடுபவர் தம் குடும்பத்தின், ஊரின் பழைய இழப்பொன்றைத் தம் உடலில் ஏற்கிறார். பார்த்திருப்போரும் அங்கு மௌனமாக இருப்பதில்லை; குலவையிட்டும் குறிகேட்டும் அதில் பங்குகொள்கின்றனர்.

செருப்புத் தைத்த கை

பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றுக் காட்டில் அமைந்த சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படுபவர் முத்துப்பட்டன். அந்தணராகப் பிறந்த இவர், சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்க விரும்புகிறார். தந்தை வாலப்பகடை நிபந்தனை விதிக்கிறார். பட்டன் பூணூலையும் குடுமியையும் நீக்கித் தோல் பதமிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டுகிறார். பின்னர் ஆநிரை கவர்ந்தோருடன் பொருது மடிகிறார்.

சொல்லால் மட்டும் உறுதியளித்திருந்தால் வாலப்பகடை ஏற்றிருக்கமாட்டார். பட்டனின் மாற்றத்திற்குச் சான்று அவர் கை கற்ற தொழிலே. பக்திப் பனுவல்களில் தன்னறிதல் பெரும்பாலும் உள்ளுணர்வாகவே பேசப்படுகிறது. இங்கோ அது ஊசியும் தோலும் பழகிய கையின் வழியாக நிகழ்கிறது.

இக்கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்துள்ளார். கதையின் சில வடிவங்களில் அவ்விரு பெண்களும் பிறப்பால் அந்தணரே என்றும், வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தார் என்றும் காணப்படுகிறது. சாதி மீறலைச் செரிக்க இயலாத பிற்காலத்தின் இடைச்செருகல் அது என்பது அவர் கருத்து. அக்கருத்து ஏற்புடையதே, பிறப்பு இவ்வாறு திருத்தப்படின் செருப்புத் தைக்கும் காட்சி பொருளற்றதாகிவிடும்.

ஏட்டைத் திருத்தியவர்களால் வழிபாட்டைத் திருத்த இயலவில்லை. பட்டவராயனுக்கு இன்றும் தோற்செருப்பே காணிக்கை. நேர்ந்துகொண்டவர் செருப்பைச் சுமந்து மலையேறி வந்து சன்னிதியில் கட்டுகிறார். பட்டவராயன் அவற்றை அணிந்து இரவில் காட்டில் நடப்பதாகவும், அதனால் அவை தேய்ந்து காணப்படுவதாகவும் மக்கள் நம்புகின்றனர்.