கிளியைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள பனமரத்துப்பட்டி சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் கொலுப் பெட்டியில் கிடைத்த பறவைகளின் படங்களைப் பார்த்தேன். ஒரு ஜோடிப் பச்சைக்கிளி, கழுத்து உடைந்த அன்னம், தோகை மங்கிய மயில், தனியே ஒரு சின்னக் கிளி. எந்த ஊர், எந்தக் காலம், புது பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாக எழுத முடியும்.

அந்தச் சின்னக் கிளியிடமிருந்து தொடங்குகிறேன். அதன் காலடியைப் பாருங்கள். மண் பிய்ந்த வடு இருந்தால் அது தனிப் பொம்மையாக இருந்திருக்காது. மீனாட்சியின் கையிலிருந்தோ ஆண்டாளின் கையிலிருந்தோ விழுந்ததாக இருக்கலாம். மீனாட்சிக்குக் கிளி வலக்கையில், ஆண்டாளுக்கு இடக்கையில். பெட்டியில் கிளியை இழந்த அம்மன் யாராவது இருக்கிறாளா என்று தேடி, உடைந்த இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அவசரப்பட்டு ஃபெவிகால் தடவ வேண்டாம். இரண்டையும் ஒரே துணியில் சேர்த்துச் சுற்றி வையுங்கள்.

அன்னத்தின் கழுத்து போனது வருத்தம்தான். ஆனால் அந்த உடைசல்தான் இப்போது உங்களுக்கு உதவப்போகிறது. உள்ளே செங்கல் நிறம் தெரிந்தால் அது சுட்ட களிமண். பண்ருட்டியும் மதுரைக்கு அருகே விளாச்சேரியும் அந்த வேலைக்குப் பேர்போனவை. அளவுக்குப் பொருந்தாத லேசான எடையும் சாம்பல் கலந்த வெள்ளையும் இருந்தால் காகிதக்கூழ். நகத்தால் சுரண்டியதும் வெள்ளை மாவாக உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கெட்டியான வெள்ளை உடம்பும் மேலே கண்ணாடிப் பளபளப்பும் இருந்தால் பீங்கான். விருத்தாசலத்துப் பட்டறைகளில் அந்த வகைச் சின்னப் பொம்மைகள் செய்கிறார்கள்.

உடையாத கிளிகளுக்கு டார்ச் போதும். களிமண் பொம்மையை இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணால் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, அதன் பிறகே வண்ணம் தீட்டுவார்கள். அதனால் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். அடித்துளை வழியே வெளிச்சம் பாய்ச்சினால் உட்சுவரில் விரல் அழுத்திய பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் பொம்மையை வைத்திருக்கும் உங்கள் கை தானாகவே பதமாகும். பீங்கானை அச்சில் கரைசலாக ஊற்றி வடிப்பதால் அதன் உட்புறம் வழவழப்பாகவே இருக்கும்.

காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஒரே அச்சை அப்பா, மகன், பேரன் என்று பயன்படுத்துவார்கள். கிளியின் வடிவத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்பவரை நம்பாதீர்கள். பொம்மையைச் சுற்றி இருக்கும் தாளையும் எழுத்தையும் பாருங்கள். அடியில் பென்சிலால் அணாவில் விலை எழுதியிருந்தால், பெரும்பாலும் 1957 ஏப்ரலில் புதுக் காசு வருவதற்கு முந்தியது, அல்லது அதை ஒட்டிய ஓரிரு ஆண்டுகள். ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். அட்டைப்பெட்டியில் கடை முகவரியோடு ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்தப் பெட்டி 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. மாநிலத்தின் பெயர் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் 1969க்கு முந்தியதாக இருக்கலாம். பொம்மை சுற்றிய நாளிதழின் தேதியும் சாட்சிதான், ஆனால் வருஷா வருஷம் பிரித்துச் சுற்றும் பொம்மைக்கு அது உதவாது. படியேறாமல் பெட்டியின் அடியிலேயே கிடந்த பொம்மையின் தாளைக் கிழிக்காமல் பிரியுங்கள்.

இனி என் மனதை அரிக்கும் விஷயம். ஆஸ்திரேலியாவில் பழைய மண் பறவைகளைச் சேகரிப்பவர்கள் பறவையைக் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புவார்கள். சிட்னியில் கிரேஸ் செக்கோம் என்ற பெண்மணி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், குக்கபரா முதலான அந்த மண்ணின் பறவைகளைச் செய்து அடியில் தன் பெயரைக் கீறினார். மெல்பர்னை அடுத்த பிரஸ்டன் பட்டறையின் சாமான்களில் ‘ரெமூட்’ என்று கையால் கீறியிருக்கும். அந்தக் கீறலை வைத்து செய்தவரின் வாழ்க்கை வரை போய்விடுகிறார்கள். வங்காளத்தில் கிருஷ்ணநகர் பொம்மைக் கலைஞர் யதுநாத் பாலின் பெயரும் நிலைத்திருக்கிறது. உங்கள் கிளியைத் திருப்பினால் வெறும் மண்தான் இருக்கும். நம் பொம்மைக்காரர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. பெயரை நாம் கேட்கவில்லை. எந்த வருடக் கொலுவுக்கு யார் என்ன சுண்டல் செய்தார்கள் என்பதுகூட வீட்டில் நினைவிருக்கிறது, கிளி செய்தவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே உங்கள் மாமியாரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். கடையில் வாங்கியதா, கூடையில் சுமந்து வந்தவரிடம் வாங்கியதா, கல்யாணச் சீரில் வந்ததா, எந்தக் குழந்தை பிறந்த வருஷம்? அவர் சொல்லும் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் எண் கொடுத்து, எண் எழுதிய சீட்டை நூலில் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

தண்ணீரும் ஆகாது. பழைய பொம்மைகளில் பவுடர் வண்ணத்தைக் கோந்தில் குழைத்துத் தீட்டி மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஈரத் துணி பட்டால் கிளியின் மூக்குச் சிவப்பு துணிக்குப் போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், போதும். மஞ்சள் ஏறிய வார்னிஷை அப்படியே விடுங்கள், பொம்மையின் வயதைக் காட்டுவது அதுதான். உங்கள் ஊர் அரளிச் சரத்தை ஈரத்தோடு பொம்மை மேல் சாத்தாதீர்கள், படிக்கு முன்னால் வையுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பறவைகள் சேர்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தேடலாம். ஆனால் அங்கே வாங்கும் பொம்மைக்கு வீட்டுக் கதை கூட வராது. எனக்கு வேறு யோசனை. நவராத்திரிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால், பண்ருட்டிக்கோ விளாச்சேரிக்கோ குடும்பத்தோடு போங்கள். அப்போதுதான் வேலை மும்முரமாக இருக்கும். சூளைக்குப் போகாத, ஈரம் காயாத ஒரு ஜோடிக் கிளியைக் காட்டி, செய்கிறவரிடம் அவர் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் அடியில் ஈர்க்குச்சியால் கீறித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று தனியாகப் பணம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்