மணவிலக்குக்குப் பின் ஜீவனாம்சம்

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் என்ற நகரம் உள்ளது. அங்கே வாழ்ந்தவர் ஷா பானு. அவருக்கு 1932-இல் திருமணம் நடந்தது. கணவர் வக்கீல். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். 1975-இல் கணவர் அவரை வீட்டை விட்டு வெளியேற்றினார். அப்போது திருமணமாகி 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1978 ஏப்ரலில் ஷா பானு ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டார். நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். மணவிலக்கு ஆகிவிட்டதால் இனிப் பணம் தர வேண்டியதில்லை என்று வாதாடினார். மாஜிஸ்திரேட் மாதம் 25 ரூபாய் தரச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

1986-இல் வந்த தனிச் சட்டத்தால் குழப்பம் ஏற்பட்டது. மணவிலக்கான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது.

ஜீவனாம்சம் என்றால் என்ன?

உணவு, உடை, வீட்டு வாடகை, மருந்து ஆகியவற்றுக்குத் தரும் பணமே ஜீவனாம்சம். வசதி உள்ள கணவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவிக்கு இதைத் தர வேண்டும். மணவிலக்கான பெண்ணும் மறுமணம் செய்யாதவரை இதைக் கேட்கலாம். சிறு பிள்ளைகளுக்கும் தனியாகக் கேட்கலாம். கொஞ்சம் கூலி கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது.

இந்து திருமணச் சட்டத்தின்படி, வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் கேட்கலாம். மாதாமாதம் பெறலாம். மொத்தமாகவும் பெறலாம்.

எங்கே கேட்பது?

குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். அது இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பெண் தாய்வீட்டில் வசித்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் சட்ட உதவி கிடைக்கும்.

இருவரும் தங்கள் வருமானம், சொத்து, செலவு, கடன் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம்.

தேதியைக் கவனியுங்கள்

மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சத்தைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மனு போட்டுப் பத்து மாதம் கழித்து, மாதம் 3,000 ரூபாய் என்று தீர்ப்பு வருகிறது. அப்போது பாக்கி மட்டும் 30,000 ரூபாய். மனு போடத் தாமதித்த மாதங்களுக்கு இப்படிக் கணக்கு கிடையாது.

பணம் வராவிட்டால் என்ன செய்வது? நீதிமன்றம் வாரண்டு பிறப்பித்து வசூலிக்கும். அப்படியும் தராவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போனாலும் பாக்கி தீராது.

ஆனால், பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வாரண்டு கேட்டு மனு போட வேண்டும். நாளைக்குத் தருவார், அடுத்த மாதம் தருவார் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எனவே ஒரு நோட்டு வாங்குங்கள். பணம் வந்த தேதி, வராத மாதம் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயிற்சி

1. ஷா பானு எந்த ஆண்டில் மனு போட்டார்?
2. மாதம் 2,500 ரூபாய் வீதம் ஆறு மாதப் பாக்கி எவ்வளவு?
3. பாக்கியை வசூலிக்க எவ்வளவு காலத்துக்குள் மனு போட வேண்டும்?