உடற்கூறாய்வு விகிதம்: எதை எண்ணுகிறோம்?

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் போஸ்ட்மார்ட்டம் என்றதும் காவல்துறைதான் நினைவுக்கு வருகிறது. விபத்து, பாம்புக்கடி, நஞ்சு போன்றவற்றால் நேரும் மரணங்களில் சட்டப்படி நடப்பது அது. உறவினரின் ஒப்புதல் தேவையில்லை. நோயால் இறந்தவருக்குக் காரணம் அறியச் செய்யும் மருத்துவ உடற்கூறாய்வு வேறு. அதற்கு எழுத்து வடிவ ஒப்புதல் வேண்டும்.

மருத்துவமனையின் விகிதம் இந்த இரண்டாம் வகையையே குறிக்க வேண்டும். ஓராண்டில் 200 மரணங்கள், அவற்றுள் 50 காவல்துறை வழக்குகள் என்று கொள்வோம். எஞ்சிய 150 பேரில் மூவருக்கு ஆய்வு நடந்தால் விகிதம் 2 விழுக்காடு. வழக்குகளையும் சேர்த்தால் 26.5 ஆகிவிடும்; பெருமையாகத்தான் இருக்கும், உண்மையாக இராது.

இளவயதில் இறந்தவரிடம் பரம்பரை இதயத்தசைத் தடிப்பு கண்டறியப்பட்டால், உடன்பிறந்தோருக்கு எக்கோ பரிசோதனை செய்து உரிய நேரத்தில் காக்கலாம். காரணம் விளங்காதபோது நாங்கள் ஒப்புதல் கேட்பது இதற்காகவே. ஆய்வுக்குப் பின் உடலைத் தைத்து ஒப்படைப்போம். மறுக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு.