எளிய செலவில் கட்டிலுக்கு ஒரு தலைமாட்டுச் சட்டம்

பகலெல்லாம் வயலில் உழைத்த உடல் இரவில் இளைப்பாற நல்ல படுக்கை வேண்டும். கோடைக் காலத்தில் திண்ணையும் பாயும் போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரையில் ஈரம் கசியும்பொழுது கட்டிலே நமக்குத் துணை. ஆதலால் நம் கிராமங்களில் நார்க்கட்டிலோ, பலகைக் கட்டிலோ, இரும்புக் கட்டிலோ ஏதேனும் ஒன்று இல்லாத வீடு குறைவு.

எனினும் அக்கட்டில்களுள் பலவற்றில் தலைமாட்டுப் பக்கம் சாய்ந்துகொள்வதற்கு ஒன்றும் இராது. உடல்நலத்தோடு இருப்பவர்க்கு இது ஒரு குறையாகத் தோன்றாது. முதியோர், நோயாளி, பிள்ளை பெற்ற தாய் ஆகியோர் நிலையோ வேறு. படுத்தபடியே கஞ்சியோ மருந்தோ உட்கொண்டால் புரையேறும். எழுந்து சுவரில் சாய்ந்தால் மழைக்காலத்து ஈரமும் குளிரும் முதுகைத் தாக்கும். தலையணைகளை அடுக்கினாலோ அவை சரிந்து விழும். இக்குறையை நீக்க ஒரு மரச்சட்டம் போதும். அதனைச் சிறு செலவில் உள்ளூரிலேயே செய்துகொள்ளும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடனும் கட்டிலும்

மகளின் திருமணச் சீர்வரிசைக்கென்று நகரத்துக் கடையில் தவணை முறையில் கட்டில் வாங்கும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் அக்கட்டில்களில் தலைமாட்டுப் பலகை பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையாகும். நீர் பட்டால் அது ஊதிவிடும். ஊதியபின் திருகாணி பிடிப்பதில்லை. ஒழுகும் ஓட்டு வீட்டில் இரண்டு மழைக்காலம் தாங்குவதும் அரிது. கட்டில் ஆடத் தொடங்கிய பின்னரும் தவணை முடியாமல் நிற்குமாயின், அக்குடும்பத்தின் நிலை என்னாவது? மறுபுறம், அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக ஏரும் வண்டியும் நிலையும் கதவும் செய்த தச்சர் வேலையின்றி இருக்கிறார். ஆகவே நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறிதாயினும், அதில் ஒரு குடும்பத்தின் கடனும் ஒரு கைத்தொழிலாளியின் பிழைப்பும் அடங்கியுள்ளன.

விறகாகும் மரங்கள்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் பெருவாரியாகச் சாய்ந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளையும் எண்ணற்ற நிழல் மரங்களையும் வீழ்த்தியது. புயல் இல்லாத ஆண்டுகளிலும் வரப்பிலும் கொல்லையிலும் ஒன்றிரண்டு மரங்கள் காற்றில் விழுவது இயல்பே. விழுந்த மரத்தை உடனே அறுத்துப் பலகையாக்கினால் அது பொருளாகும். மழையிலும் வெயிலிலும் கிடந்தால் கறையேறி, வண்டு துளைத்து, விறகாகும். இந்த வேறுபாட்டை உழவர் நன்கு உணர்தல் வேண்டும்.

எந்த மரம் ஏற்றது?

இவ்வேலைக்குத் தேக்கு தேவையில்லை. பலா, பூவரசு, வேம்பு, வாகை ஆகிய நான்கும் மிகவும் ஏற்றவை. பூவரசு உறுதியும் நெடுநாள் உழைக்கும் தன்மையும் உடையது. வேம்பின் வைரம் பூச்சியை எளிதில் அண்டவிடாது. பலா நன்றாக இழைபடும். நாளடைவில் அழகிய பழுப்பு நிறம் பெறும். வாகையும் நல்ல மரமே. ஆயின் அதை அறுக்கும்போது எழும் தூள் கடுமையான தும்மலை உண்டாக்கும். ஆதலால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுதல் நலம். மாமரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விரைவில் வண்டு பற்றும். மருந்தில் ஊறவைத்த பின்னரே அதனைப் பயன்படுத்தலாம்.

எந்த மரமாயினும் நடுவிலுள்ள வைரப் பகுதியைக் கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஒதுக்குக. வெளிப்புறத்து வெளிறிய பகுதியில் மாவுச்சத்து மிகுதி. வண்டு முதலில் அதையே நாடும்.

பிறர் நிலத்து மரத்தையும் புறம்போக்கு மரத்தையும் தம் விருப்பப்படி வெட்டுதல் கூடாது. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. தேக்கு, சந்தனம், தோதகத்தி ஆகியவை சொந்த நிலத்தில் நின்றாலும், வெட்டுமுன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையினரிடமும் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

உலர்த்தலும் மருந்திடலும்

பச்சை மரத்தில் செய்த பொருள் உலர உலரச் சுருங்கும், பொருத்துகள் தளரும், பலகை வளையும். அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்குக. ஒவ்வொரு வரிசைக்கும் இடையே 1 அங்குலக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் வைத்தல் வேண்டும். பலகைகளின் இரு நுனிகளிலும் வண்ணம் பூசினால் வெடிப்புக் குறையும். 1 அங்குலக் கனமுள்ள பலகை நம் நாட்டு வெப்பத்தில் 3 முதல் 6 மாதங்களில் உலரும். உலர்ந்ததா என்பதை அறிய ஒரு துண்டைத் தராசில் இட்டு வாரம் ஒருமுறை எடை பார்க்கலாம். எடை குறைவது நின்றுவிட்டால் பலகை வேலைக்குத் தயார். மார்கழியில் அறுத்த பலகையை வைகாசி, ஆனி மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம்.

வண்டுக்கும் கரையானுக்கும் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் சிறந்த மருந்து. 20 லிட்டர் நீருக்கு வெண்காரம் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம் என்பது அளவு. வெந்நீரில் எளிதில் கரையும். குழி தோண்டித் தார்ப்பாய் விரித்து அதில் கரைசலை ஊற்றி, அறுத்த ஈரப் பலகைகளை ஒரு நாள் முழுதும் ஊறவைக்க வேண்டும். பின்னர்ச் சில நாள் மூடி வைத்தால் மருந்து உள்ளே பரவும். அதன் பிறகே உலர்த்துதல் வேண்டும். இம்மருந்து நீரில் கரைந்து வெளியேறக் கூடியதாதலால் வீட்டினுள் பயன்படும் மரத்துக்கே ஏற்றது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாவண்ணம் பார்த்துக்கொள்க. எஞ்சிய கரைசலைக் கிணற்றருகிலோ பயிரிலோ கொட்டுதல் கூடாது. பழைய இயந்திர எண்ணெயைப் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மனிதர் உறங்கும் கட்டிலுக்கு அது தகாது.

அளவுகள்

3 அடி அகலமும் 18 அங்குல உயரமும் உள்ள கட்டிலுக்கு உரிய அளவுகளைக் கீழே தருகிறோம். இழைத்த பின் நிற்க வேண்டிய அளவுகள் இவை.

கால்கள் 2: நீளம் 40 அங்குலம், அகலம் 2½ அங்குலம், கனம் 1½ அங்குலம்.

குறுக்குச் சட்டங்கள் 2: நீளம் 34 அங்குலம், அகலம் 3 அங்குலம், கனம் 1½ அங்குலம்.

நெடும்பலகைகள் 7: நீளம் 18 அங்குலம், அகலம் 4 அங்குலம், கனம் ½ அங்குலம்.

அறுக்கும்போது அகலத்திலும் கனத்திலும் ¼ அங்குலம் கூட்டி அறுத்தல் வேண்டும். சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் அது ஈடாகும். மேற்கண்டவற்றைக் கணக்கிட்டால் மரம் ஏறத்தாழ ½ கன அடி. சேதாரத்துக்கும் சேர்த்து ¾ கன அடி எனக் கொள்ளலாம். நெடும்பலகைகள் ஒன்றரை அடி நீளமே உடையவை. எனவே அறுவை ஆலையில் கழிக்கும் துண்டுகளும், பழைய கதவு, நிலை ஆகியவற்றில் எஞ்சிய நல்ல பகுதிகளும் இவற்றுக்குப் போதும். பழைய மரத்தில் ஆணிகளை முற்றும் களைந்த பின்னரே வாளை இட வேண்டும்.

செய்முறை

முதலில் கால்கள் இரண்டையும் அருகருகே வைத்து மூலைமட்டம் கொண்டு ஒரேயடியாகக் கோடிடுக. மேற்சட்டத்தின் மேல்விளிம்பு காலின் நுனியோடு ஒத்திருக்கும். கீழ்ச்சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 17 அங்குலத்தில் அமையும்.

சட்டங்களின் இரு நுனிகளையும் 1½ அங்குல நீளத்துக்குச் செதுக்கிக் கழுந்தாக்குக. கழுந்தின் கனம் ½ அங்குலம். அதாவது சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதன் அகலத்தில், வெளிவிளிம்பில் 1 அங்குலமும் உள்விளிம்பில் ½ அங்குலமும் கழித்து 1½ அங்குலம் நிறுத்துக. கால்களில் அதற்குச் சரியான பொளிவாய்களை 1½ அங்குல ஆழத்தில் வெட்டுக. வெளிவிளிம்பில் அதிகம் கழிப்பதன் காரணம், காலின் மேல்நுனியில் பொளிவாய் பிளந்துவிடாமல் காப்பதற்கே.

அடுத்து, மேற்சட்டத்தின் கீழ்ப்புறத்திலும் கீழ்ச்சட்டத்தின் மேற்புறத்திலும் ½ அங்குல அகலமும் ½ அங்குல ஆழமும் உள்ள காடியை நீளவாக்கில் வெட்டுக. கழுந்து, பொளிவாய், காடி ஆகிய மூன்றும் ½ அங்குல அளவினவாதலால் ½ அங்குல உளி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்.

கால்களுக்கு இடையே உள்ள தூரம் 31 அங்குலம். 7 பலகைகள் 28 அங்குலத்தை நிரப்பும். எஞ்சிய 3 அங்குலத்தை 8 இடைவெளிகளாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ⅜ அங்குலம். கீழ்க்காடியில் பலகைகளை இவ்விடைவெளி விட்டு நிறுத்தி, மேற்சட்டத்தை அவற்றின்மேல் பொருத்தி, பின் இருபுறமும் கால்களைக் கொட்டாப்புளியால் தட்டி ஏற்றுக. முதன்முறை பசையின்றிப் பொருத்திப் பார்த்து, குறுக்கு மூலைகள் இரண்டையும் கயிற்றால் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் சதுரமாக உள்ளது என அறியலாம்.

பசையைக் கழுந்துகளில் மட்டுமே இடுக, நெடும்பலகைகளுக்கு இடலாகாது. மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் கொடாமல் ஒட்டிவிட்டால் பலகை நடுவே பிளக்கும். ஒவ்வொரு பலகையையும் அதன் கீழ்நுனியின் நடுவில் ஒரு சிறு ஆணியால் மட்டும் பிடித்து நிறுத்தினால், அது இருபுறமும் தாராளமாக விரிந்து சுருங்கும். கழுந்து புகுந்த இடங்களில் ¼ அங்குலத் துளையிட்டு, நன்கு உலர்ந்த மூங்கில் ஆப்பை அடித்து இறுக்குக. இங்கு இரும்பாணி வேண்டுவதில்லை; ஈரத்தில் அது துருவேறி மரத்தைக் கெடுக்கும்.

முனைகளை மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை இருமுறை மெல்லியதாகப் பூசுக. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக் கூடும். அதனை வெளியில் விரித்து உலர்த்தியோ நீரில் நனைத்தோ அப்புறப்படுத்துக.

கட்டிலோடு இணைத்தல்

ஒவ்வொரு காலையும் கட்டிற்காலோடு இரண்டு போல்ட்டுகளால் இணைத்தல் போதும்; இருபுறமும் தகட்டு வளையம் இட்டு முடுக்க வேண்டும். இரும்புக் கட்டிலாயின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளைந்த கொண்டிகள் கடைகளில் கிடைக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுவது நல்லது. சுவரின் ஈரமும் கரையானும் மரத்தைத் தொடா. கால்களின் உச்சியில் ½ அங்குலத் துளையிட்டு மூங்கிற்குச்சிகளை நாட்டினால் கொசுவலை கட்டவும் அவையே உதவும்.

செலவுக் கணக்கு

செலவு நான்கு வகைப்படும்: மரம், அறுவைக் கூலி, தச்சர் கூலி, சில்லறைப் பொருள்கள். விலைகள் ஊருக்கு ஊர் மாறுவதால், நான்கையும் தனித்தனியே எழுதிப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குதல் முறை. கைதேர்ந்த தச்சர் இதனை இரண்டு நாளில் முடிப்பார். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே அளவில் நான்கு சட்டங்கள் செய்வித்தால், கோடிடுதலும் அறுத்தலும் ஒரே தடவையில் முடிந்து கூலி குறையும்.

விழுந்த மரத்தின் மதிப்பையும் நாம் கணக்கிட அறிதல் வேண்டும். 3 அடிச் சுற்றளவும் 6 அடி நீளமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவில் நான்கில் ஒரு பங்கு ¾ அடி. ¾ ஐ ¾ ஆல் பெருக்கி, வந்ததை 6 ஆல் பெருக்கினால் 3⅜ கன அடி. அதில் பாதியே பலகையாகத் தேறினாலும் 1½ கன அடிக்கு மேல் கிடைக்கும். இரண்டு கட்டில்களின் தலைமாட்டுக்கு அது போதும். அதே கட்டையை விறகு எடைக்கு விற்றால் வரும் தொகையையும், கடையில் இரண்டு தலைமாட்டுப் பலகைகளுக்குக் கேட்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் பின்னர் ஒருபோதும் நல்ல மரத்தை விறகுக்குக் கொடார்.

ஊராட்சி மன்றத்தார் செய்யக்கூடியவை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, பொது நிலத்தில் மரம் விழுந்தால் தாமதமின்றி உரிய அலுவலர்களுக்குத் தெரிவித்து, அது மட்குமுன் விதிப்படி ஏலத்துக்கு வரச் செய்தல். இரண்டாவது, படுக்கையில் உள்ள முதியோரும் நோயாளிகளும் இருக்கும் வீடுகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தலைமாட்டுச் சட்டம் கிடைக்க ஊராருடைய உதவியைத் திரட்டுதல். மூன்றாவது, உள்ளூர்த் தச்சர்களை மாவட்டத் தொழில் மையத்துக்கு அழைத்துச் சென்று, கருவிகள் வாங்குவதற்கு உள்ள கடனுதவிகளை அவர்கள் அறியச் செய்தல்.

வெட்டிய அல்லது விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக வரப்பில் ஒரு பூவரசோ வேம்போ நடுவதை ஊர் வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். இன்று நடும் கன்று நம் பேரப்பிள்ளைகளின் கட்டிலாகும்.

கடன் வாங்கிய பளபளப்பைக் காட்டிலும், சொந்தக் கொல்லையில் விளைந்து, ஊர்த் தச்சரின் கையால் உருவான எளிய பொருளே நெடுநாள் உழைக்கும். வரும் மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டு முதியவர் நிமிர்ந்து சாய்ந்து ஒரு குவளைக் கஞ்சியை நிம்மதியாகப் பருகுமாறு செய்யுங்கள். வேண்டியது ¾ கன அடி மரமும், இரண்டு நாள் வேலையுமே.