மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

கீழ்பென்னாத்தூர்



குடலிறக்க ஆபரேஷனில் பிரஷர் இறங்கிய பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நிமிடவாரியாகப் போட்டிருக்கும் பி.பி. அட்டவணை அபாரம். முதுகில் மரப்பு ஊசி போட்ட எட்டாம் நிமிடம் 68/40. பிரஷரை ஏற்றும் மெஃபென்டெர்மின் இரண்டு தடவை கொடுத்தும் ஏறவில்லை. மூன்றாவதை எடுக்காமல் நார்அட்ரினலின் சொட்டுக்கு மாறியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது.

ஆனால் முதல் பக்கத்து வரி ஒன்று என்னை விடவில்லை: ‘நோயாளி மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.’ மூன்றாம் பக்கத்தில் மகள் வந்து எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை அட்டையைக் காட்டுகிறார். அன்று விடிகாலையிலும் ஒன்று போட்டிருக்கிறார் மனிதர். ஒரு கட்டுரைக்குள் இரண்டும் எப்படி நிற்கும்?

நீங்கள் கேட்ட விதத்தில்தான் கோளாறு. ‘வியாதிக்கு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?’ என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அருமையான திட்டம். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல் கிடைப்பதைப் பலர் வைத்தியக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘காலையில எழுந்ததும் என்ன போட்டுக்கிட்டீங்க? அந்தப் பையை இங்க கொட்டுங்க ஐயா’ என்று கேளுங்கள். மஞ்சப்பையிலிருந்து பாதியாக வெட்டிய அட்டைகள் விழும். கடைக்காரர் கத்தரிக்கோல் மருந்தின் பெயர்மேலேயே போயிருக்கும், காலாவதித் தேதி மட்டும் மிஞ்சும். அப்போதும் விடாதீர்கள். வீட்டுக்குப் போன் போட்டு மீதி அட்டையில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். நாட்டு மருந்துப் பொடியைப் பற்றியும் கேளுங்கள்.

பொடி என்றதும் ரெசர்பின் நினைவு வருகிறது. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்த ரெசர்பின், அடெல்ஃபேன் மாத்திரைக்குள் புகுந்து நம் ஊர் மருந்துக்கடைகளில் பல வருஷம் இருந்தது. அந்த மாத்திரைக்காரர்கள் மேசையில் படுத்தால் மயக்க மருத்துவர்களான எங்களுக்குக் கை நடுங்கும். எஃபெட்ரின் ஆம்பூல் ஒன்றன்பின் ஒன்றாக உடைப்போம், பிரஷர் அசையாது. எஃபெட்ரின் பெரும்பாலும் நரம்பு நுனியில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது. ரெசர்பினோ அந்தச் சேமிப்பைக் காலிசெய்துவிடும். குதிரில் நெல்லே இல்லாதபோது அடிவாயைத் திறந்து என்ன பயன்? ரத்தக்குழாயை நேரே இறுக்கும் மருந்துதான் கை கொடுக்கும்.

உங்கள் பெரியவரிடம் நடந்தது வேறு. குதிர் நிறைந்திருந்தது, திறக்கும் நரம்பை உங்கள் ஊசி மரக்கச் செய்தது, அடுத்த காவலான ஆஞ்சியோடென்சினை எனலாபிரில் முடக்கியிருந்தது. எஞ்சியது மூன்றாவது காவலான வாசோபிரெசின் ஒன்றுதான். இதைக் கட்டுரையில் அரைப் பத்தியில் கடந்துவிட்டு, ‘எதிர்பாராத ரத்த அழுத்த வீழ்ச்சி’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். எதிர்பார்த்திருக்க வேண்டிய வீழ்ச்சி இது, தம்பி. தலைப்பை மாற்றுங்கள்.

முதல் நாளே எனலாபிரிலை நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்சில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரைகளை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் பின்விளைவில் வித்தியாசமில்லை. மேசையில் பிரஷர் இறங்கியது மட்டும் தொடர்ந்தவர்களில் 54 சதவீதம், நிறுத்தியவர்களில் 41. முதுகு ஊசி என்றால் நான் முதல் நாளே நிறுத்தச் சொல்பவன். நீங்கள் தொடர விட்டாலும் குற்றமில்லை, நார்அட்ரினலினைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊசி போடுங்கள்.

நிறுத்துவதென்றால் மாத்திரையின் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். ‘நாளைக்கு மாத்திரை வேணாம்’ என்று பொதுவாகச் சொன்னால் அட்டினலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். அதைத் திடீரென்று விட்டால் நாடித் துடிப்பு எகிறும், இதயம் தாங்காது. எதை விட வேண்டும், எதை ஒரு மிடறு தண்ணீரில் போட வேண்டும் என்று சொல்லி அட்டையை மகள் கையில் கொடுத்து, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.