வட்டமும் கோளமும்

நுழையும்முன்

அன்றாடப் பேச்சில் 'உருண்டை' என்னும் ஒரு சொல்லால் நாம் சுட்டும் வடிவங்களை மருத்துவமும் அறிவியலும் வெவ்வேறு சொற்களால் பிரித்து வழங்குகின்றன. அப்பிரிவின் தேவையைச் செஞ்சிக் கோட்டையின் பாறைகளிலிருந்து தொடங்கி அறிவோம்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை, கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் இடையே செல்கிறது. மராத்தியர் படைத்தளங்களாக விளங்கிய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை. கோட்டை காண வருவோர் மதிலையும் களஞ்சியங்களையும் கண்டு வியப்பர். ஆனால், அவற்றினும் மூத்த வியப்பு மலைச்சரிவிலேயே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் கருங்கல் உருண்டைகளை யார் உருட்டி வைத்தார் என்று எண்ணத் தோன்றும். அவற்றை எவரும் உருட்டவில்லை. பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

நிலத்தடியில் இருந்த காலத்தில் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் தோன்றி, அதனைக் கட்டங்களாகப் பிரித்தன. வெடிப்புகளின் வழியே இறங்கிய நீர் பாறையின் கனிமங்களை மெல்லச் சிதைத்தது. ஒரு கட்டத்தின் முகத்தை நீர் ஒருபுறமிருந்து தாக்குகிறது. விளிம்பை இருபுறமிருந்தும், மூலையை மூன்று புறமிருந்தும் தாக்குகிறது. ஆகவே மூலை முதலில் மழுங்குகிறது. வெங்காயத்தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காகச் சிதைந்தபின், நடுவில் எஞ்சுவது உருண்டைக்கல். மேல்மண் அரித்துச் செல்லப்பட்டதும் அது வெளியே தெரிகிறது. நிலவியலில் இதற்குக் 'கோளவடிவச் சிதைவு' என்று பெயர். 'கோளத்தின் சிதைவு' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். கோளம் சிதையவில்லை, சிதைவினால் கோளம் பிறக்கிறது.

இவ்வடிவத்தின் பின்னே ஒரு கணக்கு உண்டு. ஒரு கனமீட்டர் கொள்ளளவுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதே கொள்ளளவுடைய கோளத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 4.84 சதுர மீட்டர். ஒரு கொள்ளளவை மிகக் குறைந்த மேற்பரப்பில் அடக்கும் வடிவம் கோளமே. பாறைக்கு இது நன்மை. தாக்கப்படும் பரப்பு குறைகிறது. குருதியில் உள்ள சிவப்பணுவுக்கோ இதுவே கேடாக முடிகிறது.

நலமான சிவப்பணு, இருபுறமும் குழிந்த வட்டத் தட்டு. அதன் கொள்ளளவைக் கோளமாக அடக்கினால் 97 சதுர மைக்ரோமீட்டர் அளவான உறை போதும். ஆனால் அதற்கு வாய்த்திருப்பதோ ஏறத்தாழ 140. தொளதொளப்பான சட்டைபோல் உறை மிகுந்திருப்பதனால்தான், தன் விட்டத்தைவிடக் குறுகிய நுண்நாளங்களிலும் அது வளைந்து நெளிந்து நுழைகிறது. சிலருக்குப் பிறவியிலேயே உறையைத் தாங்கும் புரதங்களில் குறை நேர்கிறது. உறை சிறிது சிறிதாக இழக்கப்பட, தட்டு கோளமாகிறது. இறுகிய கோளத்தால் மண்ணீரலின் மிக நுண்ணிய இடுக்குகளைக் கடக்க இயலாது. ஆங்கே சிக்கி, 120 நாள் வாழவேண்டிய அணு முன்னதாகவே அழிகிறது. சோகை, மஞ்சட்காமாலை, மண்ணீரல் வீக்கம் ஆகியவை தொடர்கின்றன.

இந்நோய்க்கு ஆங்கில மருத்துவம் 'ஸ்பீரோசைட்டோசிஸ்' என்று பெயரிட்டது. கோளம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். தமிழில் 'வட்டச் சிவப்பணு நோய்' என்று ஒருவர் எழுதினால் என்னாகும்? நலமான அணுவும் வட்டமே. நோயுற்றதையும் உறாததையும் ஒரே சொல் குறித்துவிடும். 'உருளை' என்றாலும் பிழை; கணிதத்தில் உருளை என்பது குழாய்போன்ற வடிவம். 'கோளச் சிவப்பணு' என்பதே பொருந்தும். (விண்ணில் உள்ள 'கோள்' வேறு சொல், அது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது.)

சிறுநீரகத்தில் குருதியை வடிகட்டும் 'குளோமருலஸ்' என்னும் பகுதியும் நுண்ணோக்கியில் உருண்டையாகவே தெரியும். ஆயினும் அப்பெயர், நூற்கண்டு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நுண்நாளங்கள் சுருண்டு திரண்ட அமைப்பு அது. எனவே அதனைக் கோளம் என்னாது 'நுண்நாளத் திரள்' என்பது நுட்பமானது. கோளவடிவப் பாக்டீரியாவின் பெயராகிய 'காக்கஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் தானியமணி என்று பொருள். அதன் பன்மையைத் தமிழில் ஒலிபெயர்த்தால் 'காக்கை' என்றாகி, மாணவர் மனத்தில் பறவையே சிறகடிக்கும். 'மணி' என்னும் சொல் நம்மிடம் நெல்மணியிலும் குன்றிமணியிலும் காத்திருக்கிறது. அதனைப் பயன்கொள்ளாதது நம் குறையே.

இத்தகைய தேடல் புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழியில் மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் சொற்களையும் உருவாக்கினார். சேலத்தில் 1916-இல் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சங்கம் கண்டனர். அவர்கள் தொடங்கிய பணியில் இன்னும் பெயர் பெறாத வடிவங்கள் பல உள்ளன.

கற்பவை கற்றபின்

உருண்டை, குண்டு, மணி, திரள், கோளம், பந்து ஆகிய சொற்கள் உம் ஊரில் எவ்வெப் பொருள்களுக்கு வழங்குகின்றன எனத் தொகுக்க. அவற்றுள் ஒன்றைக் கொண்டு, உம் உயிரியல் பாடநூலில் ஒலிபெயர்ப்பாக உள்ள ஒரு சொல்லுக்குத் தமிழாக்கம் தருக. அதற்கான காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.