கடலில் ஒலிக்கும் குரல்

செமினி ஆறு லங்காட் ஆற்றோடு கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. உலகின் பரபரப்பான கடல்வழிகளுள் ஒன்றான அந்நீரிணையில், கிள்ளான் துறைமுகத்தை நாடிவரும் பெருங்கப்பல்களுக்கிடையே சிறு மீன்பிடிப் படகுகளும் செல்கின்றன. கப்பல் பாதையில் ஒரு படகின் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? கைப்பேசி ஒருவரை மட்டுமே அழைக்கும்; அதற்கும் அலைத்தொடர்பு கிடைக்க வேண்டும். மாறாக, வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் எழும் அபயக்குரலை அருகிலுள்ள பல கலங்கள் ஒரே நேரத்தில் கேட்க இயலும். அக்குரலைக் காற்றில் ஏற்றி அனுப்புவது ஆண்டெனா ஆகும்.

வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆகவே, ஆண்டெனாவை இயன்ற அளவு உயரத்தில் பொருத்த வேண்டும். அதன் உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொலைவு ஏறத்தாழ கிலோமீட்டரில் கிடைக்கும். 1 மீட்டர் உயரத்திற்கு 4 கிலோமீட்டர்; 4 மீட்டர் உயரத்திற்கு 8 கிலோமீட்டர். கேட்பவரின் ஆண்டெனாவும் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டும் சேர்ந்து 16 கிலோமீட்டர் ஆகும்.

ஆண்டெனாவின் திறனை டெசிபல் அளவில் குறிப்பிடுவர். அளவு கூடக்கூட அலை குறுகிய கற்றையாகக் குவிந்து தொலைவு செல்லும். ஆனால், அலையில் ஆடும் சிறு படகில் அக்கற்றை ஒருமுறை வானையும் மறுமுறை நீரையும் நோக்கும். எனவே, அதிகம் ஆடும் படகுக்கு 6 டெசிபலைவிட 3 டெசிபல் ஆண்டெனாவே ஏற்றது. பெரியதெல்லாம் சிறந்ததன்று என்பதை இங்கு உணரலாம்.

ஆண்டெனாவைச் செங்குத்தாகவும், உலோகக் கம்பங்களிலிருந்து விலக்கியும் நிறுத்த வேண்டும். இணைப்புக் கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருத்தல் நன்று. கம்பியில் 3 டெசிபல் இழப்பு ஏற்பட்டால், 25 வாட் ஆற்றலில் பாதி வீணாகிவிடும். உப்புநீர் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், அவற்றை நீர்புகாத நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும்.

படகு கரையை விட்டுப் புறப்படும் முன்னரே இணைப்புகளைச் சரிபார்த்து, வேறொரு படகோடு பேசிச் சோதிப்பது அவசியம். அச்சோதனைக்கு 16ஆம் அலைவரிசையைப் பயன்படுத்தலாகாது. அஃது ஆபத்தில் இருப்பவரின் குரலுக்காகக் காத்திருக்கும் வழியாகும். வருமுன் காப்பதே கடலில் உயிர் காக்கும்.